டிரசர் ஐயாவை மாற்றிய வருஷம்: ஒரு குவிஸ் இரவின் நிகழ்வு ஆய்வு

விஷயம் சின்னது. எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் (சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கும், எங்களுக்கு இன்னும் பழைய பெயர்தான்) தீபாவளி முடிந்த அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் கலை இரவு நடக்கும். ஆட்டம், பாட்டு, அதிர்ஷ்டக் குலுக்கு, நடுவில் ஒரு மணி நேரம் குவிஸ் அங்கம். ரொம்பக் காலமாக அந்த அங்கத்தை நடத்திவந்தவர் பணி ஓய்வு பெற்ற தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். ஒரு வருஷம் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து காசு கொடுத்து ஒரு அறிவிப்பாளரை வரவழைத்தார்கள். குவிஸ் பாதி ஓடுவதற்குள் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் டிரசரைத் திரும்பக் கூப்பிட்டோம், ஆனால் பழையபடி இல்லை, சில விஷயங்களை மாற்றி. கூட்டம் எழுந்திருக்கவில்லை.

இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது, ஊர்க்காரர் என்றால் கூட்டம் உட்காரும், வெளியூர்க்காரர் என்றால் எழுந்து போகும், அவ்வளவுதானே என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. நான் ஏற்பாட்டுக் குழுவில் பொருளாளர், அதோடு யூடியூபில் பழைய அமெரிக்க, இந்திய கேம் ஷோக்களைத் தேடித் தேடிப் பார்க்கிற ஆசாமி. உலகம் முழுக்க சில பேரை மட்டும் ஜனங்கள் முப்பது நாற்பது வருஷம் அலுக்காமல் பார்க்கிறார்கள், அவர்களைவிட அழகானவர்களும் புகழ்பெற்றவர்களும் அதே நாற்காலியில் ஒரு சீசனோடு காணாமல் போகிறார்கள். எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அதே கதைதான் என்பது என் எண்ணம்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, நட்டது 1917இல். லயங்களில் வளர்ந்தவர்களில் பலர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், பிள்ளைகள் ரவாங், ஷா ஆலாம் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். தீபாவளி வாரத்தில்தான் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே பார்க்க முடியும். டிரசர் யார் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், ஊசி போடுபவர், ராத்திரி யாருக்காவது வலி எடுத்தால் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நடுத்தர வயதுக்காரர்களில் நிறைய பேர் சின்ன வயதில் அவரைப் பார்த்தாலே அழுதவர்கள்.

அவரை மாற்ற இளைஞர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே தப்பில்லை. கேள்வியை அவரே எழுதுவார், அதனால் எல்லாக் கேள்வியும் கறுப்பு வெள்ளைப் படப் பாட்டாகவும் தோட்டத்து மேனேஜர்களின் பெயராகவும் இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாகப் பேசுவார். எல்லாவற்றுக்கும் மேலே, முழங்கால் வலி, அதனால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நடத்துவார். "மேடையில எனர்ஜியே இல்ல, அங்கிள் உக்காந்துகிட்டே படிக்கிறாரு" என்று ஒரு தம்பி சொன்னான். அந்த உட்கார்வதுதான் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

வந்த அறிவிப்பாளர் திறமைசாலி, அதை மறைக்க மாட்டேன். நல்ல குரல், நல்ல கோட்டு, எல்இடி திரை, கோடீஸ்வரன் நிகழ்ச்சி மாதிரி நெஞ்சை அடைக்கிற இசை, தப்பான விடைக்கு லேப்டாப்பிலிருந்து ஒரு 'பீப்'. மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தார். "கைத்தட்டல் பத்தல! பின்னாடி இருக்கறவங்க இன்னும் சாப்பிடலையா?" என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டார். முதல் இரண்டு தடவை ஜனங்கள் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். மூன்றாவது தடவை பின்னாடி இருந்த ஒருவர் "சாப்பிடல, போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

திருப்பம் அது இல்லை. பாட்டுக்குப் பாட்டு சுற்றில் 'ஆ' எழுத்து வந்தது. மேடையில் நின்றது ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவிய ஓர் ஆயா. அவர் "ஆராரோ ஆரிரரோ" என்று ஆரம்பித்துத் தன் வீட்டுத் தாலாட்டைப் பாடினார், நடுவில் வாளி, காண்டா (தோளில் சுமக்கும் தடி), விடியக்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) எல்லாம் வரும், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அதைத்தான் பாடியிருப்பார். இரண்டாவது வரியில் 'பீப்'. "சினிமா பாட்டு மட்டும்தான் பாட்டிம்மா, அவுட்! அடுத்தவங்க வாங்க!" பின்னாடி பையன்கள் சிரித்தார்கள். ஆயா மைக்கைப் பிடித்தபடி நின்றார், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை, அறிவிப்பாளர் அதற்குள் மேடையின் அடுத்த மூலைக்குப் போய்விட்டார், கடைசியில் பேத்தி வந்து கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு வயதான பெண்கள் யாரும் மேடைப்பக்கம் வரவில்லை. அறிவிப்பாளர் கெஞ்சினார், ஹேம்பர் (பரிசுக் கூடை) காட்டினார், வரவில்லை. அவர்கள் வரவில்லை என்றதும் அவர்களோடு வந்த மகள்களும் மருமகள்களும் எழுந்தார்கள், சாப்பாட்டு வரிசை நீண்டது.

விதிப்படி பார்த்தால் அறிவிப்பாளர் செய்தது சரி. சினிமாப் பாட்டு மட்டும் என்பது நாங்கள் எழுதிக் கொடுத்த விதி. பிரச்சினை விதியில் இல்லை, தோற்றவரை மேடையிலிருந்து இறக்கிய விதத்தில். கேம் ஷோ என்பதே பெரும்பாலும் தோல்விதான், யோசித்துப் பாருங்கள், நாலு பேர் விளையாடினால் ஒருத்தர்தான் ஜெயிப்பார், ஜெயித்தவரைக் கொண்டாட யாராலும் முடியும். தோற்ற மூன்று பேரை எப்படி வீட்டுக்கு அனுப்புகிறார் என்பதில்தான் நடத்துபவரின் தொழில் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் ஜெயிப்பவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதில்லை, "நான் போய் நின்னு தப்பா சொன்னா இந்த மனுஷன் என்னை என்ன செய்வாரு" என்றுதான் பார்க்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு பெரிய ஆட்களைப் பார்த்தால் நிறைய விஷயம் விளங்குகிறது.

அமெரிக்காவில் பில் கல்லன் என்று ஒருவர் இருந்தார். 1946இல் வானொலியில் ஆரம்பித்து இருபதுக்கும் மேற்பட்ட கேம் ஷோக்களை நடத்தினார், 'தி பிரைஸ் இஸ் ரைட்' 1956இல் தொடங்கியபோது அதன் முதல் நெறியாளரும் அவரே. இருபது ஷோ என்றால் ஆகா என்போம், ஆனால் அதை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள்: அவ்வளவு ஷோவும் ஒவ்வொன்றாக நின்றுபோயிருக்கிறது! விளையாட்டு அலுத்துப்போனது, கல்லன் அலுக்கவில்லை, அடுத்த விளையாட்டுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். ஏன்? புது விளையாட்டின் விதியைச் சில வாக்கியத்தில் புரிய வைப்பார், யாரையும் மட்டம் தட்டாமல் சிரிக்க வைப்பார்.

இவருக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டிருந்தது. நன்றாகவே நொண்டுவார். ஆனால் பார்த்த லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவருக்காக மேடையையே மாற்றிக் கட்டினார்கள். திரை விலகும்போது அவர் ஏற்கெனவே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், அல்லது ஓரிரு அடி வைத்தால் போதும் என்கிற இடத்தில் இருப்பார். அமெரிக்காவின் மிகச் சுறுசுறுப்பான கேம் ஷோ ஆள் உட்கார்ந்துகொண்டே வேலை பார்த்தவர். குழுக் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது எனர்ஜி தம்பி போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு "ஓக்கே லா" என்றான், அதற்கு மேல் ஸ்டூலைப் பற்றிப் பேச்சில்லை.

கல்லன் ஒரு வகை. ஒரே ஷோவில் ஆயுளைக் கழித்தவர்கள் இன்னொரு வகை. பாப் பார்க்கர் 1972 முதல் 2007 வரை அதே 'பிரைஸ் இஸ் ரைட்'. பேட் சஜாக் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தவர், 1981இல் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார், 2024இல்தான் இறங்கினார். அலெக்ஸ் ட்ரெபெக் 1984 முதல் 2020இல் இறக்கும்வரை 'ஜெப்பர்டி' குவிஸில் 8,200க்கும் அதிகமான அத்தியாயங்கள். அவ்வளவு எண்ணிக்கை எப்படி என்றால், தினமும் ஒளிபரப்பு, ஆனால் ஒரே நாளில் ஐந்து அத்தியாயம் பதிவு செய்துவிடுவார்கள், சட்டையும் கோட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த 'நாள்' ஆரம்பம். இப்படி நேரம் மிஞ்சுவதால்தான் 1991இல் ட்ரெபெக் ஒரே சமயத்தில் மூன்று ஷோ நடத்த முடிந்தது.

ட்ரெபெக்கிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. வேலைக்குச் சேரும்போதே தன்னை நிகழ்ச்சியின் ஸ்டார் என்று அறிமுகப்படுத்தக்கூடாது, ஹோஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், ஸ்டார் என்றால் அது போட்டியாளர்கள்தான் என்பது அவர் கணக்கு. அவரிடம் கொஞ்சம் வாத்தியார் தோரணை உண்டு, விடைத்தாள் கையில் இருப்பவருக்கு வருகிற அந்த முகம், அதைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு போட்டியாளரின் விடையைத் தப்பு என்று சொல்லிவிட்டு, பின்னால் இருக்கும் நடுவர்கள் சரிபார்த்து அது சரிதான் என்று கண்டால், ஆட்டத்தின் நடுவிலேயே அதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். வாத்தியார் முகத்தை ஜனங்கள் பொறுத்துக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் வருவோம். ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி 1996இல் வந்த பிறகு எங்கள் ஊரில் சாயந்திரம் பல வீடுகளில் 'ரோடா இம்பியான்' ஓடும், வீல் ஆஃப் ஃபார்ச்சூனின் மலாய் வடிவம். மலாய் சரளமாக வராத பாட்டிகள்கூடப் பார்ப்பார்கள், சக்கரம் சுற்றுவதற்கு என்ன மொழி. அதை ஆரம்பத்தில் நடத்தியவர் ஹாலிம் ஒத்மான், பிறகு ஹானி மொஹ்சின். ஹானி 2006 ஜூலையில் சிப்பாங் மலிவு விமான நிலையத்தில் திடீரென்று இறந்தபோது, அவர் படம் ஒன்றுகூடப் பார்க்காத எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "நல்ல பையன்" என்று வருத்தப்பட்டார்கள். படத்தில் பார்க்கும் நடிகன் யாரோ ஒருத்தன், தினமும் தே குடிக்கிற நேரத்துக்கு வந்து யாரோ ஒரு கிளார்க்கிடமும் டீச்சரிடமும் நலம் விசாரிக்கிறவன் வீட்டுக்கு வந்துபோகிறவன் ஆகிவிடுகிறான். 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' மலேசிய வடிவத்தை என்டிவி7இல் ஜலாலுடின் ஹசான் நடத்தினார், அந்தக் கனமான குரலுக்கு அந்த நாற்காலி பொருந்தியது. அப்புறம் அஸ்னில் நவாவி, 'ஜாங்கான் லுபா லிரிக்' பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டு வரியை மறந்தவரை அவர் அழ விடமாட்டார், தானும் கூடவே ஆடி, மறந்ததே ஒரு வேடிக்கை மாதிரி ஆக்கிவிடுவார்.

தமிழில் நிலைமை வேறு. தமிழ் டிவி அந்த நாற்காலியை வேலையாகப் பார்க்கவில்லை, கௌரவப் பதவியாகப் பார்த்தது. சன் டிவியில் 'கோடீஸ்வரன்' என்றால் சரத்குமார். விஜய் டிவியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' மூன்று சீசன், மூன்று நடிகர்கள்: 2012இல் சூர்யா, அடுத்து பிரகாஷ்ராஜ், 2016இல் அரவிந்த்சாமி. மூவருமே நன்றாகத்தான் செய்தார்கள், சூர்யா போட்டியாளரின் கதையைக் கேட்டுக் கலங்கினார், பிரகாஷ்ராஜ் உரிமையோடு சீண்டினார், ஆனால் யாருக்கும் அங்கே வயதாகவில்லை. அவர்களுக்கு அடுத்த படம் காத்திருந்தது. ஜனங்களும் 'சூர்யாவைப் பார்க்க' உட்கார்ந்தார்களே தவிர விளையாட்டைப் பார்க்க அல்ல, அதனால் சூர்யா போனதும் அந்தக் கூட்டமும் போனது. இந்தியில் இதே பாடம் 2007இல் நடந்தது. அமிதாப் பச்சன் 2000இல் ஆரம்பித்த கேபிசியின் ('கோன் பனேகா கரோர்பதி', இந்திக் கோடீஸ்வரன்) மூன்றாவது சீசனை ஷாருக் கான் நடத்தினார், அன்றைக்கு இந்தியாவில் அவரைவிடப் பெரிய நட்சத்திரம் யார்? ஆனால் 2010இல் மறுபடி அமிதாப்தான். அமிதாப்பும் நட்சத்திரம்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் எதிரில் வந்து உட்காரும் கிராமத்து ஆளை 'ஜி' போட்டுக் கூப்பிட்டு, நாற்காலியைச் சரிசெய்து கொடுத்து, கம்ப்யூட்டரையே "கம்ப்யூட்டர் ஜி" என்று மரியாதையோடு அழைப்பவர் அவர். மெஷினுக்கே மரியாதை கிடைக்கும் இடத்தில் எனக்குக் கிடைக்காதா என்று ஒரு தைரியம் வரும்.

தமிழில் விதிவிலக்கு என்று எனக்குத் தோன்றுகிற ஒரே ஆள் பி.எச். அப்துல் ஹமீத். 'பாட்டுக்குப் பாட்டு' இலங்கை வானொலியில் பிறந்து சன் டிவி வரை வந்தது, ஆளும் கூடவே வந்தார். நடிகர் இல்லை, அழகுக்காக யாரும் பார்க்கவில்லை. அந்த உச்சரிப்பு, எழுத்தைச் சொல்லிவிட்டு அவர் கொடுக்கும் அவகாசம், தவறினவரிடம் அவர் காட்டும் அந்தப் பணிவு. எங்கள் டிரசர் ஐயா அவரைத்தான் பார்த்துப் பழகினார் என்பது அவரே சொன்னது. 'ழ'கரத்தை அழுத்தி உச்சரிப்பதில் தெரியும், சில சமயம் ஓவராகவே தெரியும்.

சரி, என் கணக்குக்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும். பிபிசியில் 2000இல் வந்த 'தி வீக்கஸ்ட் லிங்க்'. ஆன் ராபின்சன் கறுப்பு உடையில் நின்றுகொண்டு, தோற்றவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்து விரட்டுவார். வருஷக்கணக்கில் ஓடியது. அப்படியானால் தோற்றவரை மரியாதையாக இறக்கினால்தான் கூட்டம் நிற்கும் என்பது பொய்யா? நான் இப்படிப் பார்க்கிறேன்: அங்கே திட்டு வாங்குவது விளையாட்டின் ஒரு பகுதி, வருகிறவர் தெரிந்தேதான் வருகிறார், எல்லாருக்கும் ஒரே அளவில் விழும். 'பீப்' வாங்கிய எங்கள் ஆயா தெரிந்து வரவில்லை. அதே ஷோவை 2001இல் ஸ்டார் பிளஸ் நீனா குப்தாவை வைத்து இந்தியில் எடுத்தது, எடுபடவில்லை. பெரியவர் ஒருவரை மேடையில் வைத்து அவமானப்படுத்துவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க நம் ஆட்களுக்கு மனசு வராது என்றுதான் படுகிறது. அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது.

இரக்கம் மட்டும் போதுமா என்றால் போதாது, அந்தப் பக்கம் சாய்ந்தாலும் கெட்டுப்போகும். 1950களில் அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்ற குவிஸில் யார் ஜெயிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே முடிவு செய்து விடையை முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். 1958இல் வெடித்தது. அதில் ஜெயித்த கல்லூரி ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் மறு வருஷம் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார், 1960இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. நடத்திய ஜாக் பேரி மறுபடி ஒரு பெரிய ஷோவில் காலூன்ற 1972 ஆனது. அவர் சிரிப்பு மாறவில்லை, அவர்மேலே இருந்த நம்பிக்கைதான் போய்விட்டது. எங்கள் ஊரில் இது ரொம்ப முக்கியம், அதிர்ஷ்டக் குலுக்கில் குழுத் தலைவரின் மச்சானுக்கு மின்விசிறி விழுந்தால் அதைப் பற்றி அடுத்த தீபாவளி வரை பேசுவார்கள்.

இப்போது டிரசர் ஐயா திரும்பி வந்த இரவு. ஒரு செக்யூரிட்டி கார்டு, ஐம்பதைத் தாண்டியவர், மேடையில். கேள்வி: மலேசியாவின் இரண்டாவது பிரதமர் யார்? அவர் நெஞ்சை நிமிர்த்தி "துன் உசேன் ஓன்" என்றார். டிரசர் ஐயா 'பீப்' எதுவும் அடிக்கவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"தம்பி, உசேன் ஓன் மூணாவது. ஒரு நாற்காலி தள்ளி உக்காந்துட்ட. ரெண்டாவது துன் அப்துல் ரசாக். மார்க்கு இல்ல."

மண்டபம் சிரித்தது, அவரும் சிரித்தார். இறங்கத் திரும்பினார்.

"இரு இரு, எங்க ஓடுற. உன் மவ எஸ்பிஎம்ல எத்தன ஏ?"

"எட்டு, ஐயா."

"மைக்குல சொல்லு."

"எட்டு ஏ!"

கைத்தட்டல். யாரும் பத்தவில்லை என்று கேட்காமலே. மனுஷன் பூஜ்யம் மார்க்கோடு இறங்கினார், வழியில் நாலு பேர் கையைக் குலுக்கினார்கள். விதியில் ஒரு புள்ளி மாறவில்லை, சும்மா இரக்கப்பட்டு மார்க்கு போடவில்லை, அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். போன வருஷம் 'அவுட்' என்று சொன்னதும் இந்த வருஷம் 'மார்க்கு இல்ல' என்று சொன்னதும் தீர்ப்பில் ஒன்றுதான்.

மகள் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் எட்டு ஏ வாங்கிய விஷயம் டிரசருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் கேட்டார். இதுதான் ஊர்க்காரருக்கு இருக்கிற அனுகூலம், குழுவில் சிலர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் டிவிக்காரர்கள் இதையும் வேலை செய்து சம்பாதிக்கிறார்கள். ஜெப்பர்டியில் முதல் விளம்பர இடைவேளை முடிந்ததும் நெறியாளர் ஒவ்வொரு போட்டியாளரிடமும் ஒரு சின்னக் கதை கேட்பார், அது தானாக வருவதில்லை, பதிவுக்கு முன்னாலேயே போட்டியாளர்களிடம் கேட்டு அட்டையில் எழுதித் தருகிறார்கள். கோலாலம்பூர் அறிவிப்பாளருக்கு அப்படி ஓர் அட்டையை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை, மேடையேறும் ஆயா யார், எந்தத் தோட்டம், எத்தனை பேரப்பிள்ளை, எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த ஆய்வில் முழுப் பழியையும் அவர் தலையில் போட எனக்கு மனமில்லை. தெரியாத ஒருவரைச் சில நொடியில் தெரிந்தவர் ஆக்கும் வித்தை அவருக்கும் இருந்திருக்கலாம், கையில் சரக்கு இல்லை.

மாற்றங்கள் என்று சொன்னேனே. கேள்வி எழுதும் வேலையை டிரசரிடமிருந்து எடுத்துவிட்டோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. பெரிய குவிஸ்களில் கேள்வி எழுதுவோர் தனி, சரிபார்ப்போர் தனி, வாசிப்பவர் தனி, அதைத்தான் காப்பியடித்தோம். இங்கே யுனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண்ணும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் எழுதினார்கள், பாதி பழசு, பாதி புதுசு. பாட்டுச் சுற்றில் சினிமாப் பாட்டு மட்டும் என்பதை எடுத்துவிட்டு எந்தத் தமிழ்ப் பாட்டும் சரி என்று அறிவிப்புத் தாளிலேயே அச்சடித்துவிட்டோம். மேடையில் இரக்கம் பார்த்து விதியை மாற்றுவதைவிட முன்னாலேயே மாற்றிவிடுவது மேல்.

அப்புறம் 'பிரைஸ் இஸ் ரைட்'டிலிருந்து ஒன்று எடுத்தோம், இது என் யோசனை, கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஹேம்பரில் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விலை என்ன என்று கேட்பது: மைலோ பாக்கெட், ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய், மசாலாத் தூள். அசல் விலையைத் தாண்டாமல் யார் பக்கத்தில் வருகிறாரோ அவருக்கே சாமான். பிரதமர் வரிசை தெரிந்த ஆம்பிளைகள் இதில் மண்ணைக் கவ்வினார்கள். ஒருவர் ஐந்து கிலோ அரிசி பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) என்றார், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஜெயித்தவர்கள் எல்லாம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாராவாரம் பேரம் பேசும் பெண்கள். அமெரிக்காவில் அந்த ஷோ ஏன் இத்தனை வருஷம் ஓடுகிறது என்று அன்றைக்கு மண்டபத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. புத்தகம் படித்தவர் தேவையில்லை, சமையலறை நடத்துபவர் போதும். டிரசருக்கும் அந்தச் சுற்றில்தான் உற்சாகம் அதிகம், "அக்கா, நீங்க போன வாரம் வாங்கினீங்களா, போன மாசம் வாங்கினீங்களா? வெல ஏறிடுச்சு, யோசிச்சி சொல்லுங்க" என்று அவர் இழுக்கும்போது எதிரில் நின்ற அக்கா மனசுக்குள் கணக்குப் போடுவது கடைசி வரிசைக்கே தெரிந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் சுற்று இன்னும் இழுவைதான், டிரசர் மெதுவாகத்தான் வாசிக்கிறார், பத்து வயதுப் பிள்ளை அதற்குள் விடையைச் சொல்லிவிட்டு மூக்கை நோண்டுகிறது. பெரிய கேள்வி, இவருக்குப் பிறகு யார். பழக்கப்பட்ட ஆள் போன பிறகு என்ன ஆகும் என்பதில் பெரிய ஷோக்களே தடுமாறியிருக்கின்றன. ட்ரெபெக் போன பிறகு ஜெப்பர்டி 2021இல் பல பேரை மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பார்த்தது, நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்ஸையே தேர்ந்தெடுத்தார்கள், அவருடைய பழைய பேச்சுகள் வெளிவந்து ஒரே நாள் பதிவோடு, அதாவது ஐந்து அத்தியாயத்தோடு, விலகினார். கடைசியில் 2004இல் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்த போட்டியாளர் கென் ஜென்னிங்ஸிடம் வந்து நின்றது. அந்த மேடையில் நின்று ஜெயித்தும் கடைசியில் தோற்றும் பார்த்தவரைப் பிடித்திருக்கிறார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதனால் குழுவில் நான் வைத்த பேச்சு இது: வெளியே தேட வேண்டாம், நம் குவிஸில் கலந்துகொண்டவர்களிலிருந்து பார்ப்போம். யுனிசெல் பெண் பிள்ளைகள் சுற்றை நடத்திப் பார்க்கட்டும், டிரசர் பக்கத்தில் ஸ்டூலில் இருக்கட்டும். ஒத்திகையில் பார்த்தேன், குரல் நல்லாத்தான் இருக்கிறது, தப்பு சொன்ன பையனிடம் "பரவால்லடா" என்று சொல்லிவிட்டு அவன் அப்படியே நிற்கும்போதே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள். டிரசர் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "மொதல்ல அவன் கீழ எறங்கட்டும்மா" என்றார். தலைவர் இன்னும் முடிவு சொல்லவில்லை, எல்இடி திரைக்காரனுக்கு முன்பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதில்தான் அடுத்த கூட்டம்.